பொருந்தித் தொலைத்த மட்கார்டு

இடது பக்கம்: அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் நூலண்ணன் சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். வாசகர்கள் சிலர் பதறிப்போயிருப்பதாகக் கேள்வி. பயப்படும்படி ஒன்றுமில்லை. தூக்கிய சம்மட்டியை அவர் மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். மனம் மாறியதால் அல்ல. தோள்பட்டை வலி.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நூலண்ணன் பழைய கார்களுக்கு உடம்பு பார்க்கிறவர். அரைக்கால் அங்குலத்துக்குப் பட்டறைப் பேச்சில் 'நூல்' என்று பெயர். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரு நூல் கூடினாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் ஊர் வைத்த பெயர்.

அவருடைய தம்பி அச்சுக்காரர். அந்தக் கார்களுக்கான மட்கார்டுகளைச் செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. தம்பி அதே மாதிரியில் அச்சு செய்து, பிரஸ்ஸில் தகட்டை அழுத்திப் புது மட்கார்டு செய்து விற்கிறார். அண்ணன் அவருக்கு வேறு சில பெயர்களும் வைத்திருக்கிறார். அவை பத்திரிகையில் அச்சேறும் தரத்தில் இல்லை.

தம்பி செய்யும் வலது பக்க மட்கார்டு சமர்த்துப் பிள்ளை. போல்ட் போட்டால் பேசாமல் உட்கார்ந்துகொள்ளும். இடது பக்கம்தான் வம்பு. கதவோரத்தில் மேலே விரல் நுழையும், கீழே தாள் கூட நுழையாது. ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு மரத்தில் குருவி தேடும்.

முதல் இடது மட்கார்டு வந்த அன்று நூலண்ணன் அதைத் தெருவில் வீசி, "கோழிக்கூண்டுக்குக் கூரை போட வச்சுக்கடா" என்று நாலு வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். தம்பி அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனவர்தான். பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. முகம் பார்க்காத வியாபாரம் மட்டும் உண்டு. அந்த மட்கார்டைச் செய்ய ஊரில் வேறு ஆள் இல்லை. அதை வெட்டி ஒட்டிச் சூடு காட்டித் தட்டிப் பொருத்தவும் வேறு ஆள் இல்லை. பிரிய முடியாதபடி சண்டை போட்ட குடும்பம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இனி இன்றைய காலை.

நூலண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்து நேரமாகியிருந்தது. எண்ணத்திலிருந்து முழங்காலுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. அவர் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்ச் சில நாட்கள் ஆகின்றன. கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை. "உங்க ரெண்டு பேரு சண்டையையும் கேட்டுக் கேட்டு எனக்குக் களைப்பா இருக்கு. கொஞ்சம் தூங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அப்பா, எந்திரி. தபால்காரம்மா வண்டியை உள்ள தள்ளணும்" என்றாள் மகள். பட்டறையில் அவள்தான் அவருக்கு இன்னொரு ஜோடிக் கை. வாயும் அவளுடையதுதான் பெரிது.

"நீ தள்ளு. நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன்."

"எப்பவும் நீ ஸ்டியரிங்தான் பிடிக்கிற."

தபால்காரம்மா என்பவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரது வெண்ணெய் நிறக் காரின் இடது முகத்தை ஒரு லாரி உரசிவிட்டுப் போயிருந்தது. மட்கார்டு கசங்கி, போன மாதத்துத் துணி மூட்டை மாதிரி ஆகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். சாதாரண வேலைதான். ஆனால் இன்று அது ஒரு விசாரணை.

ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் ஒரு பல் டாக்டர். அச்சுக்காரரின் இடது மட்கார்டைப் பற்றிச் சங்கத்தில் எல்லோரும் புலம்பித் தீர்த்த பிறகு, அவர்தான் ஒரு முடிவு கட்டினார். இன்று சாயங்காலம் அவர் நேரில் வருவார். தபால்காரம்மா வண்டியில் புது மட்கார்டை வைத்துப் பார்ப்பார்கள். 'இது பொருந்தாத சாமான்' என்று நூலண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சங்கத்தில் ஒருவரும் இனி அச்சுக்காரரிடம் எதுவும் வாங்க மாட்டார்கள். அவர்களை விட்டால் அச்சுக்காரருக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. பிரஸ்ஸுக்குப் பூட்டுதான்.

இந்த நிலைமையில்தான் வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தது அச்சுக்காரரின் மனைவி. மகளுக்குச் சித்தி. இனி நமக்கும் சித்தி. பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய மட்கார்டை, காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"வாம்மா" என்றார் நூலண்ணன். தம்பியோடுதான் பேச்சில்லை. தம்பி மனைவியோடு உண்டு. சண்டைக்கும் ஒரு நாகரிகம் வேண்டாமா?

"மாமா, சாயங்காலம் என்ன சொல்லப் போறீங்க?"

"பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"பாக்காமலே என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் முன்னாடியே வந்தேன்." மட்கார்டை மேசைமேல் வைத்தாள். "பொருந்தலன்னு சொல்லுங்க, வேணாங்கல. கூடவே 'கொஞ்சம் வேலை வைக்கும்'னு சேத்துக்கங்க. பல் டாக்டருங்க சொல்வாங்கல்ல, லேசா வலிக்கும்னு. அந்த மாதிரி."

"லேசா வலிக்கும்னு சொல்லித்தான் அந்த மனுஷன் என் கடவாப்பல்லைப் பிடுங்கினாரு."

"மாமா."

"எனக்குப் பொய் வராதும்மா. வந்திருந்தா இந்த வயசுல இப்படிக் குனிஞ்சு நிமிர்ந்துக்கிட்டு இருப்பேனா?"

 சித்தி பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தாள். "அவரு பிரஸ்ஸை ஓட்டவே இல்ல மாமா. காலைல போறாரு, அதுக்கு எண்ணெய் போடறாரு, துடைக்கறாரு, அது பக்கத்துலயே உக்காந்துக்கறாரு. கேட்டா, 'கடைசி நாள்ல கிறீச்னு சத்தம் போடக் கூடாது'ங்கறாரு."

நூலண்ணன் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் நன்றாகப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாம்" என்றார்.

இடது மட்கார்டு மாட்டுவது அந்தப் பட்டறையில் ஒரு சடங்கு. முதலில் மகள் முன்சக்கரத்துக்குப் பின்னால் போய்ப் படுப்பாள். நூலண்ணன் மேலிருந்து பிடிப்பார். முதல் போல்ட் போகும். இரண்டாவது போல்ட்டின் ஓட்டை பாதி நிலா மாதிரி தெரியும். மூன்றாவது எங்கே என்று தேட வேண்டும். பிறகு உருண்டை அரம் வரும், வாஷர் வரும், மரச் சுத்தி வரும், சூடு காட்ட கேஸ் வரும், தம்பியின் பரம்பரை வரும். அது தன் பரம்பரையும்தான் என்பது அண்ணனுக்குப் பாதியில் ஞாபகம் வந்து நிறுத்துவார்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அவர் அரத்தையும் கேஸையும் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்தார். மட்கார்டைத் தூக்கி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"போல்ட் போயிடுச்சுப்பா" என்று கீழிருந்து குரல் வந்தது.

"எந்த போல்ட்?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாம்தான். கையாலயே திருகிட்டேன். ஸ்பேனர் கூட எடுக்கல."

நூலண்ணன் கண்ணைத் திறந்தார். கதவோரத்தைப் பார்த்தார். தன் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தகட்டுத் துண்டை எடுத்து இடைவெளியில் மேலிருந்து கீழே இழுத்தார். எங்கும் இடறவில்லை. ஹெட்லைட் குருவியை விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்தது.

"கழட்டி மறுபடியும் மாட்டு" என்றார்.

மாட்டினாள். மறுபடியும் பொருந்தியது.

சித்தி டயரிலிருந்து எழுந்தே விட்டாள். "மாமா! இப்ப சொல்லுங்க, கோழிக்கூண்டுக்குக் கூரை வேணுமா?" சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். "ஏங்க, பொருந்திடுச்சுங்க. ஆமாங்க. இல்லங்க, நான் அமுக்கிப் பிடிச்சுக்கல. தானாவே! கிளம்பி வாங்க. வாங்கன்னா வாங்க!"

மகளுக்கும் சிரிப்பு. "பாத்தியாப்பா, சித்தப்பா திருந்திட்டாரு."

நூலண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பட்டறையில் ஒரு சாமான் சண்டை போடாமல் உட்கார்ந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை.

"அவன் அச்சை மாத்தினானாம்மா?"

"அச்சை எங்க மாமா மாத்தறது? அதே அச்சுதான். இதே வரிசைல அடிச்சதுல ஒண்ணைத்தான் போன வாரம் நீங்க வெட்டி ஒட்டி, என்னையும் சேத்துத் திட்டினீங்க."

"அப்ப அது ஏன் பொருந்தல? இது ஏன் பொருந்துது?"

"பொருந்தினா ஏன்னு கேக்கற ஒரே ஆள் உலகத்துலயே நீங்கதான்."

அவர் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் நகர்ந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது. சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அப்பா?"

மகள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்."

வெளியே வந்தபோது அவர் நகத்தில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. வெண்ணெய் நிறத்துக்கு அடியில் பச்சை. சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இடது முனையில் சங்கிலி கடித்த தழும்பு. அதன் பக்கத்தில் ஒரு வெல்டிங் ஒட்டு, மணி கோத்த மாதிரி. அந்த மணிகளை அவருக்குத் தெரியும். வேறு எவர் வெல்டிங்கும் அப்படி வராது என்று அவரே பலரிடம் பெருமை அடித்திருக்கிறார்.

"இது அந்தப் பச்சை வண்டி" என்றார்.

இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா பட்டறை வச்சிருந்தப்ப வந்தது. பாலத்துக் கட்டைல போய் முட்டி, இடது முனை உள்ள போயிடுச்சு. அவன் அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தான். நான் தனியா சங்கிலி போட்டு இழுத்தேன். முக்கால்வாசி வந்துச்சு. மூணு நூல் பாக்கி. அப்ப சங்கிலி அறுந்துபோச்சு." மூச்சு வாங்கினார். "வண்டிக்காரரு வாசல்ல நிக்கறாரு. எனக்கும் அலுப்பு. வண்டி மட்கார்டுகிட்ட வரல. சரின்னு மட்கார்டை வெட்டி, வண்டிகிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். பாக்கறதுக்கு அழகா இருந்துச்சு. அந்தக் கதவோரத்து இடைவெளியை எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க."

சித்தியின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "மாமா... அவரு அச்சு எடுக்க மாதிரி தேடி அலைஞ்சாரு. எத்தனையோ வண்டி பாத்தாரு. இது சொத்தை, அது சொத்தைன்னாரு. கடைசில ஒரு பச்சை வண்டியோட மட்கார்டைக் கேட்டு இரவல் வாங்கிட்டு வந்தாரு. நான் கூட, 'அளந்து பாத்துக்கங்க'ன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"'இது அண்ணன் கை பட்டது. அளக்கறதாவது'ன்னாரு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் களைத்துப்போய், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது.

ஆக, ஊரிலுள்ள எல்லா வண்டிகளிலும் பொருந்தாமல் நின்ற இடது மட்கார்டு, நூலண்ணன் செய்த மட்கார்டின் பிசகாத நகல். இத்தனை வருடமாக அவர் அரம் போட்டதும், சூடு காட்டியதும், சபித்ததும் தன் கை வேலையை. தம்பியைக் குறை சொல்ல வேண்டுமானால் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம். அவன் அதை அவ்வளவு ஒழுங்காக நகல் எடுத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரம் வந்தது. மூவரும் சாப்பிட்டார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் மூவருக்கும் தெரியாது.

கை கழுவிவிட்டு வந்த சித்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மாமா, நான் ஒண்ணு சொல்லவா? டாக்டர் வர்றாரு. மட்கார்டு பொருந்தியிருக்கு. அவரு பாப்பாரு. 'பொருந்துது'ன்னு நீங்க சொல்லுங்க. இதுல பொய் எங்க இருக்கு?"

அதில் பொய்யே இல்லை. அதுதான் தொந்தரவு.

"அடுத்த வண்டிக்கு, சித்தி?" என்றாள் மகள்.

"அடுத்த வண்டிக்கு உங்கப்பா இருக்காரு. வெட்டி ஒட்டுவாரு. இவ்வளவு நாள் ஒட்டலையா?"

"ராத்திரி தோள்பட்டைக்குத் தைலம் நீங்க வந்து தேய்க்கறீங்களா?"

"தேய்க்கறேன்டி! பிரஸ் மூடாம இருந்தா ஊருக்கே தேய்க்கறேன்." அவள் மட்கார்டைத் தொட்டுக் காட்டினாள். "உனக்கு இது மூணு நூலு. எங்களுக்குப் பிரஸ் ஒண்ணுதான் இருக்கு."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடுவது அபூர்வம்.

நூலண்ணன் மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொருந்துகிறது என்று ஒரு சொல். தம்பி பிழைப்பான். தன் பெயரும் நிற்கும். நாளை முதல் மறுபடியும் அரம், வாஷர், கேஸ். மறுபடியும் என்ற சொல்லை நினைத்ததுமே தோள்பட்டை தானாக வலித்தது.

சாயங்காலம் பல் டாக்டர் தன் நீலக் காரில் வந்து இறங்கினார். கையை உரசிக்கொண்டே மட்கார்டுக்கு அருகில் குனிந்தார். வாயைத் திறக்கச் சொல்லப் போகிறவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"அண்ணே, பிரமாதமா இருக்கே! வெட்டினீங்களா?"

"இல்ல."

"சூடு?"

"இல்ல."

"அப்படியே மாட்டினதா?" டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப சாமான் நல்லாத்தான் இருக்கு. சங்கத்துல நாங்கதான் அந்த மனுஷனைத் தப்பா நினைச்சிட்டோம். அப்படின்னா இத்தனை நாளும்..." அவர் இழுத்தார். நல்ல மனிதர். ஆனாலும் கணக்கு தானாக முடிந்துவிட்டது. "பொருத்தினதுலதான் எங்கயோ..."

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்கண்ணன் பொருத்தினதுல குறை சொல்லாதீங்க."

அச்சுக்காரர். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அண்ணனைவிட ஒல்லி. எண்ணெய் படிந்த சட்டை. வரச் சொன்னது மனைவி, உள்ளே வா என்று சொல்ல வேண்டியது வேறு ஆள் என்பதுபோல நின்றார்.

நூலண்ணன் தம்பியைப் பார்த்தார். முடி கொட்டியிருக்கிறது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"டாக்டர்," என்று ஆரம்பித்தார், "இந்த மட்கார்டு பொருந்துது. இந்த வண்டிக்கு மட்டும் பொருந்தும். ஏன்னா வண்டி கோணல். கோண விட்டது நான். என் கோணலைப் பாத்துத்தான் அவன் அச்சு எடுத்தான். அவன் மேல தப்பே இல்ல."

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

காப்பாற்றப்பட்டவரே வாயைத் திறந்தார்.

"இருக்காது" என்றார் அச்சுக்காரர்.

"என்ன இருக்காது?"

"அந்த வண்டில கோணல் இருக்காது. நீ செஞ்சது." படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வந்தது அவருக்கே தெரியவில்லை. "அந்த இடைவெளியைப் பாத்துத்தான் நான் தொழிலே கத்துக்கிட்டேன்."

"டேய், நான் சொல்றேன், மூணு நூல் பாக்கி வச்சேன்."

"வச்சிருக்க மாட்ட."

"வச்சேன்டா! நீ காய்ச்சல்ல படுத்திருந்த!"

"அப்ப மத்த வண்டியெல்லாம் கோணலா இருக்கும்."

"ஊர்ல இருக்கற எல்லா வண்டியுமா?"

"பழைய வண்டிதானே! இருக்கும்!"

பல் டாக்டர் மகளைப் பார்த்தார். மகள், 'இது இப்படித்தான்' என்று கையை விரித்தாள். இத்தனை வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி, ஒருவர் மேல் தப்பில்லை என்று மற்றவர் கத்திக்கொண்டிருந்தார்கள். சமாதானம் என்றால் இப்படி இருக்கும் என்று அவளும் நினைத்ததில்லை.

"கயித்தை எடு" என்றார் நூலண்ணன்.

சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. முன் இடது முனையிலிருந்து பின் வலது முனைக்கு ஒரு கயிறு. முன் வலது முனையிலிருந்து பின் இடது முனைக்கு இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் வண்டி நேர். அண்ணன் முன்னால் படுத்தார். தம்பி பின்னால் படுத்தார். வண்டிக்கு வெளியே நான்கு கால்கள் தெரிந்தன. நான்கிலும் செருப்பு தேய்ந்த இடம் ஒன்றே.

"இறுக்கிப் பிடி."

"பிடிச்சுட்டேன்."

"முடிச்சுப் போடு. இப்ப அந்தப் பக்கம்."

மகள்தான் இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தின்மேல் அளவுகோலை வைத்தாள். டாக்டரும் குனிந்து பார்த்தார். மூன்று நூல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அச்சுக்காரர் அளவுகோலைத் தன் கையில் வாங்கி இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கையில் எடுத்து உருட்டினார்.

"கயிறு பழசு" என்றார். "இழுபடுது."

 அண்ணன் தம்பியின் தோளில் கை வைத்தார். எழுந்திருக்கப் பிடிமானத்துக்காகத்தான். எழுந்த பிறகும் எடுக்கவில்லை.

"அப்ப எங்க வண்டிங்க எல்லாம் சரி" என்றார் டாக்டர் மெதுவாக. "அச்சு தப்பு."

"ஆமா."

"அந்த அச்சுக்கு மூலம் உங்க வேலை."

"ஆமா."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க தம்பியைத் திட்டினது..."

"ஆமா டாக்டர். நீங்க கேக்கப் போற எல்லாத்துக்கும் ஆமா. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு யார் மேலன்னு எனக்குப் புரியுது. ஆனா சங்கத்துல நான் என்ன சொல்றது? சரியான அச்சு வர்ற வரைக்கும் வாங்காதீங்கன்னுதான் சொல்ல முடியும். அச்சை மாத்துங்க. சரியான மட்கார்டு ஒண்ணை மாதிரியா வச்சு எடுங்க."

"எந்த மட்கார்டு?" என்றார் அச்சுக்காரர்.

நியாயமான கேள்வி. ஊரிலிருந்த இடது மட்கார்டுகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார்கள். மேற்குத் தெரு வக்கீல் வண்டி: தம்பியின் அச்சு, அண்ணன் வெட்டி ஒட்டியது. பேக்கரிக்காரர் வண்டி: அதே. தையல்காரர் வண்டியில் மட்கார்டே இல்லை, போன மழைக்கு உதிர்ந்துவிட்டது. இரண்டு சகோதரர்களும் சேர்ந்து ஊரில் ஒரு நல்ல இடது மட்கார்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

"மாதிரி கிடைக்கற வரைக்கும் பிரஸ் சும்மா கிடக்கணும்" என்றாள் சித்தி. "அவ்வளவு நாள் எங்களால தாங்க முடியாது டாக்டர். மூடறதும் அதுவும் ஒண்ணுதான்."

 மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், உங்க வண்டில இடது பக்கம்?"

"என் வண்டியா?" டாக்டரின் முகம் மலர்ந்தது. "அது கம்பெனி மட்கார்டும்மா. எங்கப்பா வாங்கின நாள்லேர்ந்து ஒருத்தர் கை பட்டதில்ல. ஒரு போல்ட்டைத் தொட விட்டதில்ல. இந்தப் பக்கத்துலயே அப்படி ஒண்ணு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். நால்வரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வாசலுக்குப் போனார். அவர்களும் பின்னாலேயே போனார்கள். நீலக் காரின் இடது மட்கார்டு சாயங்கால வெயிலில், யாரையும் சட்டை செய்யாமல் மின்னிக்கொண்டிருந்தது. கதவோரத்து இடைவெளியை நூலண்ணன் பார்த்தார். தகட்டுத் துண்டை எடுக்கவே தோன்றவில்லை. தம்பி குனிந்து, உள்பக்கம் கையை விட்டுத் தடவினார்.

"போல்ட்டெல்லாம் துருவேறிப் பிடிச்சிருக்குண்ணே. ஸ்பேனர் வாங்காது. வெட்டித்தான் எடுக்கணும்."

"ஓரத்துல மடிப்பு?"

"மெல்லிசா இருக்கு. அரிச்சிருக்கு."

டாக்டர் மட்கார்டின்மேல் கையை வைத்தார். தன் நாற்காலியில் படுத்திருப்பவர்கள் வழக்கமாகத் தன்னிடம் கேட்கும் குரலில் கேட்டார்: "கழட்டினா... திரும்ப இதே மாதிரி பொருந்துமா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் பொய் சொல்லத் தெரியாதவர். மற்றவர் அண்ணனைக் கேட்காமல் சொல்ல மாட்டாதவர். சித்திக்குச் சொல்லத் தெரியும். அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். டாக்டரின் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள்.

டாக்டர் கையை எடுக்கவில்லை.